எட்டாம் விதியில் இடம் மாறிய ‘ஐ’

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு ‘இ’ பிரிவு மாணவியின் தாய்,
அச்சகப் பிழைதிருத்துநர்.

பெறுநர்:
உயர்திரு கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம்.

பொருள்: வேதியியல் ஆய்வகப் பாதுகாப்புப் பலகையில் எட்டாம் விதியைப் பிழையாக எழுதவைத்து, அதனால் என் மகளின் இடக்கண் போன பிறகு பழியையும் அவள் தலையிலேயே கட்டும் தலைமை ஆசிரியர் மீது நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தலைமை ஆசிரியர் தங்களுக்கு அனுப்பிய விபத்து அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

பிறர் எழுதியதில் பிழை பார்ப்பது இருபத்திரண்டு ஆண்டுகளாக என் தொழில். இந்த மனுவைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் பிழையில்லாமல் எழுதுகிறேன்.

1. சென்ற மாதம் நான்காம் நாள், இரண்டாம் பாடவேளை. அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும் செய்முறை. தொடங்கும் நேரத்தில் தலைமை ஆசிரியர் வந்து, ஆண்டுவிழா மேடை அலங்காரம் பற்றிப் பேச வேதியியல் ஆசிரியையை அழைத்தார். பிள்ளைகளைத் தனியே விட அவர் தயங்கியபோது, “அதான் போர்டுல எல்லாம் எழுதியிருக்குல்ல? பாத்துச் செய்வாங்க, நீங்க வாங்க” என்றார். முப்பத்தாறு பிள்ளைகளும் இதைக் கேட்டார்கள்.

2. என் மகள் பலகையைப் பார்த்தாள். எட்டாம் விதி இவ்வாறு இருந்தது: ‘அமிலத்தை நீரில் ஒருபோதும் ஊற்றக் கூடாது.’ சொன்னதைக் கேட்கும் பெண் அவள். அப்படி நான்தான் வளர்த்தேன். எனவே அமிலத்தை நீரில் ஊற்றாமல், அமிலத்தில் நீரை ஊற்றினாள். பீக்கரில் இருந்தது ஒரு நொடியில் கொதித்து அவள் முகத்தில் தெறித்தது.

3. ‘அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது’ என்பதே சரியான விதி. ஆசிரியை வரைவில் அப்படித்தான் எழுதியிருந்தார். மற்ற ஒன்பது விதிகளும் ‘உணவை’, ‘கைப்பையை’, ‘தீக்குச்சியை’ என்று ‘ஐ’யில் முடியும் சொல்லோடு தொடங்கும்போது இது ஒன்று மட்டும் ‘இல்’லில் தொடங்குவது நடைக்கு அழகில்லை என்று தலைமை ஆசிரியர் அந்த வரைவிலேயே சிவப்பு மையால் உருபுகளை இடம் மாற்றினார். பொருளே மாறுகிறது என்று ஆசிரியை சொன்னதற்கு, “ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்? எப்படியும் கலக்கத்தானே போறீங்க?” என்றாராம். அந்த வரைவை ஆசிரியை அழுதுகொண்டே என்னிடம் கொடுத்தார். தவறென்று தெரிந்தும் ஓராண்டுக்கு மேலாக அந்தப் பலகையின் கீழ் பாடம் நடத்திய அவரையும் நான் மன்னிக்கவில்லை.

4. அந்தச் சிவப்பு மைத் திருத்தம் தம்முடையதல்ல என்று தலைமை ஆசிரியர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அந்தப் பள்ளியின் ஆண்டு மலர் எங்கள் அச்சகத்தில்தான் அச்சாகிறது. ஆறு ஆண்டுகளாக அவருடைய திருத்தங்களைப் பார்த்து வருகிறேன். அடித்த சொல்லின் கீழே சிறு வால் போடும் கை இந்த ஊரில் அவருடையது மட்டுமே. ஒருமுறை ஓர் ஒற்று விட்டுப்போனதற்காக, அவர் மேசை முன்னால் என்னை முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, “ஒரு எழுத்து போனா என்ன ஆகும் தெரியுமாம்மா?” என்று கேட்டார். இப்போது தெரிகிறது ஐயா.

5. ஆய்வகக் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. தோழிகள் அவளைக் கைத்தாங்கலாக மாடிப்படி இறக்கி, குடிநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கண்ணைக் கழுவினார்கள். அதற்குள் நேரம் கடந்துவிட்டது என்கிறார் மருத்துவர். பாதுகாப்புக் கண்ணாடிகள் நாற்பது, பள்ளியை ஆய்வு செய்ய வரும் அதிகாரிகளுக்குக் காட்டுவதற்காக, உறைகூடப் பிரிக்காமல் தலைமை ஆசிரியர் அறையின் இரும்பு பீரோவில் இருந்தன. மறுநாள் அவற்றை எல்லாருக்கும் கொடுத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதை நான் பழமொழியாக மட்டுமே கேட்டிருந்தேன்.

6. அதே மறுநாள் பலகைக்கும் புது வண்ணம் அடித்து, எட்டாம் விதியைச் சரியாக எழுதவைத்தார். பிறகு ‘மாணவியின் கவனக்குறைவு’ என்று தங்களுக்கு அறிக்கை அனுப்பினார். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதை. இப்போது, தவறு தன்னுடையதே என்று என் மகள் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டால்தான் வரும் பத்தொன்பதாம் நாள் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிப்பேன் என்கிறார். கையொப்பமிட்டுவிடலாம் என்று அவள் சொல்கிறாள். நான் விடமாட்டேன்.

7. பழைய பலகைக்குச் சான்று உண்டு. சென்ற ஆண்டு மலரின் பதினேழாம் பக்கத்தில் அந்தப் பலகையின் அருகே தலைமை ஆசிரியர் சிரித்தபடி நிற்கிறார். ஐந்நூறு பிரதிகள். அத்தனைக்கும் அவரால் வண்ணம் அடிக்க முடியாது. அந்தப் பக்கத்துக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான். படத்தின் கீழிருந்த வரியில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன். படத்துக்குள் இருந்த பலகையைப் படிக்கவில்லை. அது என் குற்றம். அதற்கான தண்டனையை, அவளுக்கு மூன்று வேளை கண்மருந்து விடும்போது அனுபவிக்கிறேன். அவர் எந்தத் தண்டனையையும் அனுபவிக்கவில்லை. அதனால்தான் இந்த மனு.

8. அவரைச் சத்தமில்லாமல் வேறு பள்ளிக்கு மாற்றி என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம். அங்கேயும் பலகைகள் இருக்கும். அவரைப் பணியிடை நீக்கம் செய்து விசாரியுங்கள். என் மகளை எந்தக் கடிதமும் கேட்காமல் தேர்வு எழுத விடுங்கள். மேலும், தலைமை ஆசிரியர் தம் சிவப்பு மையால், தம் கைப்பட ஒரு பிழைதிருத்தம் எழுத வேண்டும்: ‘விபத்து அறிக்கையில் “மாணவியின் கவனக்குறைவு” என்றிருப்பதைத் “தலைமை ஆசிரியரின் அறியாமையும் அகந்தையும்” எனத் திருத்திப் படிக்கவும்.’ அதைக் காலைக் கூட்டத்தில் பள்ளி முழுவதும் கேட்க அவரே உரக்கப் படிக்க வேண்டும். என் மகள் எதிரில் நிற்பாள். இடப்பக்கம் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே அவரை அவளுக்கு வலப்பக்கமாக நிறுத்தும்படி ஆணையிடுங்கள். படிக்கும்போது அவர் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிய வேண்டும்.

தங்கள் ஆணையை எதிர்பார்த்து, அதுவரை ஓயாத,
(ஒப்பம்)
மாணவியின் தாய்

இடம்: கண் மருத்துவமனை, வெளிநோயாளர் பிரிவு
நாள்: விபத்து நடந்து முப்பத்தொன்றாம் நாள்

இணைப்பு: வரைவுத் தாள், ஆண்டு மலரின் பதினேழாம் பக்கம், மருத்துவச் சான்று, கையொப்பமிடாத மன்னிப்புக் கடிதம்.