நாலு ரத வீதியைத் தாண்டிய பனியன்

நேற்றுக் குற்றாலம் போயிருந்தேன். பெரிய அருவிக்குப் போகும் பாதையில் ஒருவர், பலகையில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரருக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்கமும் வந்தது, ஆனால் அது பிறகுதான். நீ பக்கத்தில் இருந்திருந்தால், "ஏலே, கையைத் தொடச்சுக்கிட்டியா?" என்று கேட்டிருப்பாய். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. அந்தக் கேலியைச் செய்ய இப்போது வேறு ஆள் இல்லை. அதனால்தான் இந்த வேலையற்ற வேலை, உனக்குக் கடிதம் எழுதுவது.

இலத்தூரிலிருந்து தென்காசிக்கு நாம் இரண்டு பேரும் நடந்தே படிக்கப் போன காலத்தை இன்றைய பையன்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். நடந்துபோனதைக்கூட நம்பிவிடுவார்கள், பனியன் கதையை நம்பமாட்டார்கள். நம் பள்ளிக்கூடத்துப் புட்பால் டீமுக்குப் பச்சைப் பனியன் பதினொன்று உண்டு. பனியன் யாரிடம் இருக்கிறதோ அவன்தான் டீமில் ஆடுவான். கடைசி வகுப்பான ஆறாம் பாரம் முடித்துப் போகிறவன் அதைத் துவைத்து மடித்து, தனக்கு வேண்டியவனிடம் கொடுத்துவிட்டுப் போவான். தம்பிக்கு, மாமன் மகனுக்கு, பக்கத்து வீட்டுக்காரனுக்கு. யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ தெரியாது, வாத்தியார்கள் யாரும் அதில் தலையிட்டதில்லை. அதுவரை நாம் படித்த ஐந்து வருஷத்தில் ஒரு பனியன்கூடக் கோயிலைச் சுற்றியிருந்த நாலு ரத வீதியைத் தாண்டி வெளியே போகவில்லை. இலத்தூர்க்காரனும் மேலகரத்துக்காரனும் குற்றாலத்துக்காரனும் கைதட்டலாம், அவ்வளவுதான்.

எனக்கு அது பழகிவிட்டது. உனக்குப் பழகவில்லை. அறுவடை முடிந்த வயலில் பந்தைக் காலோடு ஒட்டவைத்தது போல நீ ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆறாம் பாரத்துக்கு வந்ததும் உனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த வருஷம் விட்டால் உனக்குப் பிறகு எந்த டீமும் கிடையாது. படிப்பு முடிந்தால் உன் அப்பாவோடு குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கப் போகவேண்டியதுதான். ஆனிச் சாரல் ஆரம்பித்த ஒரு நாள், என்னையும் இழுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குள் நுழைந்து, நமக்கும் டீமில் இடம் வேண்டும் என்று கேட்டுவிட்டாய்.

"பனியன் இல்லாதவன் எப்படிடே டீம்ல ஆடுவான்?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"பனியன் இல்லாம ஆடிக் காட்டுதோம் சார். எங்கள்ல பதினொரு பேரு வாரோம். செயிச்சா எல்லாரையும் ஆடவச்சுப் பாத்து டீம் எடுங்க."

"தோத்தா?"

"இந்தப் பேச்சையே எடுக்கமாட்டோம்."

அவர் சரி என்றார். மறுநாள் டீம் கேப்டன் சிதம்பரம் உன்னைத் தேடி வந்தான். "ஒனக்கு ஒரு பனியன் தாரேன்டே. என் தம்பிக்குன்னு வச்சிருந்தது. ஆட்டமெல்லாம் எதுக்கு?"

"மிச்சம் பத்துப் பேருக்கு?"

"அது எப்படிடே முடியும்?"

"அப்போ உன் தம்பிக்கே குடு."

வீடு திரும்பும் வழியெல்லாம் உன்னைத் திட்டினேன். கைக்கு வந்ததைத் தள்ளிவிட்ட உன் திமிரை நினைத்து எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆட்டத்தன்று சரியான சாரல். நாம் பதினொரு பேரும் வெற்றுடம்போடு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நின்றோம். அப்போதுதான் நீ உன் மகத்தான யோசனையை அவிழ்த்தாய். சாரலில் உடம்பு விறைத்துவிடும், எண்ணெய் தேய்த்தால் சூடு பிடிக்கும் என்று, அப்பாவின் கிண்ணத்தை எடுத்து எல்லோருக்கும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை நீயே தேய்த்துவிட்டாய். உன் கைப்பக்குவத்தில் குறை சொல்லமுடியாது. உடம்பு கணகணவென்றுதான் இருந்தது. ஆனால் ஈரப் புல்லில் உள்ளங்கால் எண்ணெயோடு ஓடினால் என்ன ஆகும் என்று பதினொரு பேரில் ஒருவன்கூட யோசிக்கவில்லை.

விசில் ஊதியதும் ஓடியவன் எல்லாம் விழுந்தான். எழுந்தவன் மறுபடி விழுந்தான். மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கோல் காத்த என் கதை அதைவிட மோசம். நேரே நெஞ்சுக்கு வந்த பந்தை இரண்டு கையாலும் பிடித்தேன், அது வழுக்கிக்கொண்டு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். பாதி ஆட்டத்தில் நமக்கு ஒன்றுமில்லை, அவர்களுக்கு இரண்டு கோல்.

இடைவேளையில் எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நீயோ உன் துணிமூட்டையை அவிழ்த்துச் சீயக்காய்ப் பொட்டலத்தை எடுத்தாய். "எண்ணெய் தேய்க்கவனுக்கு எண்ணெய் எடுக்கவும் தெரியும்லே. காலை நீட்டுங்க." கிணற்றடியில் இருபத்திரண்டு காலையும், எனக்கு மட்டும் கையையும் சேர்த்து, தோல் எரியும்படி தேய்த்துக் கழுவிவிட்டாய். சிதம்பரம் அதைப் பார்த்து, "குளிச்சு முடிச்சாச்சா? சோறு வரச்சொல்லட்டா?" என்றான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மார்பு விரிகிறது. அவர்களுடைய பனியன் நனைந்து கனத்து முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. நம் உடம்பில் எண்ணெய், காலில் மட்டும் பிடிமானம். உன்னைத் தோளால் இடித்தவன் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தான். மேலகரத்துப் பையன் ஒன்று போட்டான், நீ ஒன்று போட்டாய். கடைசியில் மூன்று பேரைக் கடந்து போய் இன்னொன்றும் நீ போட்டாய். சிரித்த கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கைப் பார்க்காமல் உன்னைத் தூக்கியது. தூக்கியவர்களில் ரத வீதிப் பையன்களும் இருந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே பதினொரு பனியனையும் வாங்கிப் பீரோவில் பூட்டினார். டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கேட்டவனையெல்லாம் ஆடவிட்டுப் பார்த்தார். நம்மில் ஐந்து பேர் தேறினார்கள். முதல் பெயர் உன்னுடையது. கோலுக்கு மட்டும் அவரால் முடிவு செய்யமுடியவில்லை. நானா, சிதம்பரத்தின் தம்பியா? உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய், பிறகு அவனைக் காட்டினாய். "அவன் கைதான் சார் நல்ல கை."

இலத்தூர் வரைக்கும் நான் உனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். என் வீட்டுப் படியில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னாய். "உன்னைச் சொல்லிருந்தா, நானும் ஒரு பனியனை வேண்டியவனுக்குக் குடுத்த மாதிரில்லா ஆயிரும்." ஒரு வாரம் உன் முகத்தில் விழிக்கவில்லை நான். அந்த ஒரு வாரத்துக்காக இப்போது வெட்கப்படுகிறேன். அதை உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டதற்கு அதைவிட அதிகமாக.

அந்த வருஷம் பாளையங்கோட்டையில் நீ ஆடியபோது கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். பக்கத்தில் நின்ற ஒருவர், "நீயும் இந்தப் பள்ளிக்கூடமா? டீம்ல இல்லையா?" என்று கேட்டார். "இல்லை, என்னை எடுக்கல" என்றேன். சொல்லும்போது என் தலை குனியவில்லை. ஐந்து வருஷமாக என்னைப் பார்க்காமலே வேண்டாம் என்றிருந்தார்கள். இந்தத் தடவை ஆடவிட்டுப் பார்த்து வேண்டாம் என்றார்கள். அதை எனக்கு வாங்கிக்கொடுத்தவன் நீ.