இடப்பக்கமும் வந்த குமிழிகள்

லீட்ஸ்,
11.3.2006

அன்புள்ள அப்பாவுக்கு, தேவகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. பூண்டியில் பூண்டு எடுப்பு முடிந்ததா? உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன். அதை முதலில் நம்புங்கள்.

காதுக்குக் கேட்காத ஒலியால் நுண்ணிய குமிழிகளை ரத்தத்துக்குள் நகர்த்தி, நோயுள்ள இடத்துக்கே மருந்தைக் கொண்டுபோவதுதான் எங்கள் ஆராய்ச்சி. செவ்வாய்க்கிழமை ஸ்கேன் கருவியைச் சரிபார்க்க ஆரோக்கியமான ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நானே படுத்துக்கொண்டேன். குமிழி கலந்த உப்புநீரை டாக்டர் என் கையில் ஏற்றினார். குமிழிகள் இதயத்தின் வலப்பக்கம் வந்து, நுரையீரலில் கரைந்துவிட வேண்டும். ஆனால் திரையில் இடப்பக்கமும் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிந்தது.

கூட வேலை செய்யும் பழனிக்காரர் ஜெயமுருகன் அண்ணன், "தங்கச்சி, அசையாம கெட. இன்னொரு வாட்டி பாக்கணும்" என்றார். டாக்டர் மறுபடியும் ஏற்றிப் பார்த்தார். என் இதயச் சுவரில் ஓட்டையாம் அப்பா, பிறந்ததிலிருந்தே! நான்கு நாளாகியும் என்னால் நம்ப முடியவில்லை.

நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாகவே குழாய் விட்டு அடைத்துவிடுவார்கள். இருபத்து நான்காம் தேதி. முந்தின நாள் சாயங்காலம் பூத் போனுக்குக் கூப்பிடுகிறேன், போய் நில்லுங்கள். பேச்சு வராவிட்டால் சும்மா இருமுங்கள், போதும்.

தபால் நேரமாகிவிட்டது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கினால் என்னைச் சோம்பேறி என்பீர்களே, அதை நினைத்து வருந்தாதீர்கள். தங்கை இந்துவுக்கும் அப்படி வாங்குகிறதா? வாங்கினால் திட்டாமல், வெரசாக மதுரைக்குக் கூட்டிப்போங்கள்.

உங்கள் மகள்,
தேவகுமாரி