ரீனாவின் நகைகள்

திண்டுக்கல்,
ஐப்பசி மாதம்

அன்பு மகள் ரீனாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். ஆண்டவர் கருணையால் நானும் மாமாவும் நலமாக இருக்கிறோம். மஸ்கட்டில் உன் உடம்பும் மனசும் நன்றாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபமாலையில் உன் பேரைச் சொல்கிறோம். போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் குரல் கொஞ்சம் கம்மினாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. உன்னோடு வேலை பார்க்கிற சுகன்யா லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறாள். அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே இந்த வருஷம் நல்ல மழை. படுக்கையறைச் சுவர் ஓதமேறி, பீரோவுக்குப் பின்னால் சுண்ணாம்பு உதிர ஆரம்பித்துவிட்டது. உள்ளேயும் ஈர வாடை. என் பிள்ளை பிரின்ஸ் ஆண்டவரிடம் போன பிறகு நீ கழற்றிக் கொடுத்த நகைகளை வைத்தது வைத்தபடியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். திறந்து பார்க்க மனம் வரவில்லை. இனிமேல் விட்டால் கெட்டுவிடும் என்று எடுத்தேன். வெல்வெட் பெட்டியில் பூஞ்சை பூத்திருந்தது. கொலுசு கறுத்துக் கிடந்தது. முத்துமாலையைத் தூக்கியதும் நூல் இற்றுப்போய் முத்துகள் மடியில் உருண்டன.

கூடத்தில் மாமாவின் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் வளையலையும் ஆரத்தையும் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தேன். கல் தோட்டை ஊறவைத்தால் கல் கழன்றுவிடும், அதனால் ஈரத்துணியால் துடைத்ததோடு சரி. முத்துகளை மறுநாள் ஆசாரியிடம் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் நடுவில் முடிச்சுப் போட்டுக் கோத்துத் தரச் சொன்னேன். அவர் முடிக்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கழுவிய அன்று நகைகள் வேட்டியில் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் மரியசெல்வி வந்தாள். வளையலை எடுத்துக் கையில் போட்டுப் பார்த்தாள். “அண்ணி இனிமே இங்க வந்து இருக்கவா போறாங்க? நம்ம வீட்டு நகை நம்ம வீட்லயே இருக்கட்டும்மா” என்றாள். பெற்ற மகள் கேட்கிறாளே என்று மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா நிமிராமலே சொன்னார்: “அது ரீனா நகை. அந்தப் புள்ளையக் கேக்காம ஒரு திருகாணியக்கூடத் தொடக் கூடாது.”

மரியசெல்வி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள். உன் நாத்தனாரை நீ தப்பாக நினைக்காதே. நகைக்கு ஆசைப்பட்டுக் கேட்கவில்லையாம். இதுவும் போய்விட்டால், அண்ணனுக்குக் கல்யாணம் நடந்ததற்கே இந்த வீட்டில் அடையாளம் இருக்காதே என்று தோன்றியதாம். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக வைக்க, மல் துணியில் சின்னச் சின்னப் பைகளாக அவளே தைத்துக் கொடுத்தாள். கொலுசுப் பையில் ஒரு சாக்பீஸும் போட்டாள், கறுக்காதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சுகன்யா வடமதுரையிலிருந்து வந்தாள். நீ கொடுத்துவிட்ட பேரீச்சம்பழமும் மாமாவின் முழங்காலுக்கான தைலமும் வந்து சேர்ந்தன. சாப்பிட வைத்தேன். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. உங்கள் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற சேவியர் உன்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டதையும், நீ முடியாது என்றதையும் சொன்னாள். எங்க அத்தை மாமா தாங்க மாட்டாங்க என்றாயாம்.

அவள் போனதும் மாமாவிடம் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். பிரின்ஸுக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு, நனைந்துகொண்டே வந்தார். தலையைக்கூடத் துவட்டாமல், “நாம தாங்குவோம்னு அந்தப் புள்ளைக்கு எழுது” என்றார்.

அதைத்தான் எழுதுகிறேன், ரீனா. நாங்கள் தாங்குவோம். அந்தப் பிள்ளை எப்படிப்பட்டவர், எந்த ஊர் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடு. பிடித்திருந்தால், வேண்டாம் என்று சொல்ல எங்களைக் காரணமாக்காதே.

கிறிஸ்மஸுக்கு லீவு போட்டு வா. நகை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போ. உன் அப்பா போட்டது, நாங்கள் போட்டது என்று பிரிக்க வேண்டியதில்லை. அங்கே போய்ப் பூட்டியும் வைக்காதே, எடுத்துப் போட்டுக்கொள். செண்ட் அடித்துக் காய்ந்த பிறகுதான் முத்துமாலையைப் போட வேண்டும், இல்லாவிட்டால் முத்து மங்கிவிடும். கழற்றியதும் வேர்வையைத் துடைத்து வை.

ஒன்றே ஒன்று மட்டும் உன்னிடம் கேட்கிறேன். தாலியை இங்கேயே விட்டுவிட்டுப் போ. மற்றதையெல்லாம் சுத்தம் செய்தேன், அதை மட்டும் துடைக்கக்கூட இல்லை. என் பிள்ளை கை பட்டது. அது என்னிடம் இருக்கட்டும் அம்மா.

மாதா உனக்குத் துணையிருப்பாள். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்.

எப்போதும் உன் அத்தை,
ஜெயமேரி