மூக்கைத் தூக்கினால் தூரம் குறையும்

என் அன்பு நைனா,

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் போன் போட்டு அதையே கேட்பாய்: "மேல போய்க்கினு இருக்கசொல்ல இன்ஜின் நின்னுபோச்சுன்னா என்னா பண்ணுவ கண்ணு?" நான் எரிந்து விழுவேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது நைனா, போய் சோறு துன்னு." ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கு, பெற்ற தகப்பனிடம் ஐந்து நிமிடம் பேசப் பொறுமை இல்லை.

இப்போது சொல்கிறேன், கேள். இன்ஜின் நின்றால் விமானம் பொத்தென்று விழாது. சரிந்தபடியே வெகுதூரம் போகும். நீ ஓட்டிய மாங்கூழ் லாரியை இறக்கத்தில் நியூட்ரலில் விடுவாயே, கிட்டத்தட்ட அப்படி.

ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு வேகம் உண்டு. அதில் இறங்கினால்தான் அதிக தூரம் போகும். முதல் வேலை அந்த வேகத்தைப் பிடித்து விடாமல் வைத்திருப்பது. இறக்கையின் ஃபிளாப்களையோ சக்கரத்தையோ சீக்கிரமே இறக்கிவிடக் கூடாது, காற்று தடுக்கும். எதிர்காற்று அடித்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும், பின்னாலிருந்து அடித்தால் கொஞ்சம் குறைக்கலாம். இறங்க ஓர் இடம் பார்த்து, உடனே அந்தப் பக்கம் திரும்பிவிட வேண்டும்.

தப்பு எங்கே நடக்கும் தெரியுமா? குறிவைத்த வயல் முன்கண்ணாடியில் மெல்ல மேலே ஏறும். ஏறினால் அங்கே போய்ச் சேர மாட்டோம் என்று அர்த்தம். பயத்தில் கை தானாக விமானத்தின் மூக்கை மேலே இழுக்கும். இழுத்தால் வேகம் குறையும், இன்னும் கிட்டத்திலேயே விழுவோம். கற்றுக்கொள்ள வருகிற எல்லோருமே இழுக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து "இழுக்காதே, இழுக்காதே" என்று கத்துவதுதான் என் பிழைப்பு.

அந்த நான்தான் திருப்பதி ஆஸ்பத்திரியில் உன்னை இழுத்துப் பிடித்தேன்.

மூன்றாம் நாளே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார்: "இன்டிக்கி தீஸ்கெள்ளண்டம்மா." வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று. நீயும் ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டு அதையே கேட்டாய். "சித்தூருக்கு இட்னு போ கண்ணு. நம்ம வூட்ல படுத்துக்கினு சபைக் கோயில் மணி கேக்கணும்."

சபையிலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று சுகத்துக்காக ஜெபித்தார்கள். 'இவரை வீடு கொண்டுபோய்ச் சேர்த்தருளும்' என்று ஜெபிக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை, அது அவிசுவாசமாகிவிடுமாம். நானும் ஆமென் சொன்னேன். இன்னோர் ஊசி, இன்னொரு குழாய், அப்புறம் வென்டிலேட்டர். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை.

ஒன்றரை மணி நேரப் பாதை, நைனா. நீ கேட்டபோதே திரும்பியிருந்தால் போய்ச் சேர்ந்திருப்போம். உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மணி அடித்தது. உனக்காகத்தான் அடித்தது. நீதான் கேட்கவில்லை.

ஆசையில்தான் இழுத்தேன் என்று உனக்குத் தெரியுமா? என்னை மன்னிப்பாயா?

போன வாரம் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பயப்படாதே, மாத்திரையில் அடங்கிவிட்டது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: "எனக்கு அந்த நேரம் வந்தா என்னியும் அங்க வெச்சுக்கினு இருப்பியா?"

'அதெல்லாம் ஒண்ணும் ஆவாது' என்று வாய்வரை வந்துவிட்டது. உனக்கு வாரா வாரம் சொன்ன அதே பதில். விழுங்கிக்கொண்டு, "ஒனக்கு எங்கம்மா இருக்கணும்?" என்றேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "உங்க நைனா படுக்கிற அந்த ஜன்னலோரம்."

அந்த நாள் வரும்போது கை இழுக்கத்தான் பார்க்கும், எனக்குத் தெரியும். இழுக்க மாட்டேன் நைனா. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே ஜன்னலோரம் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். மணி அடிக்கும்போது அவள் கேட்பாள்.

உன் மகள்,
கண்ணு