ஆணியில் தொங்கிய சாவி

அன்பு மகள் ரோக்சானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் முழங்காலைத் தவிர மற்றபடி நலம். நீயும் மாப்பிள்ளையும் என் தங்கக்கட்டி டெல்லாவும் அந்த அரிசோனா வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், அவசரத்தில் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன் அப்பா சாவியைக் கழற்றிவிட்டாரடி! ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து ஆணியில் உன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தொங்கிய அதே துப்பாக்கி அலமாரிச் சாவிதான். போன கோடையில் டெல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டு அதை எடுத்துத் தாத்தா கையில் கொடுத்தாளே, நீ அன்றைக்கே பெட்டியைக் கட்டி, அது அங்கே தொங்கும்வரை குழந்தையோடு இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று போனாயே, அந்தச் சாவி.

நடந்ததைக் கேள். மான் வேட்டை தொடங்குவதற்கு முன் வேட்டைச் சங்கத்தில் பான்கேக் விருந்து வைப்பார்களே, அதில் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிப் பேச மாநிலப் போலீஸிலிருந்து கிராபில் என்று ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். நம் ஆட்களைப் பார்க்க வேண்டுமே, துப்பாக்கியைப் பிடுங்க வந்தவள் என்று கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஹார்லன் எழுந்து, நாங்கள் படித்தபோது துப்பாக்கியை வண்டியில் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனோம், ஒருத்தனும் சாகவில்லை, இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று மடக்கினார். அவள் அசரவில்லை. நூறு வருஷத்துக்கு முன்னாலும் பள்ளியில் சுட்டிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் ஒருவன்மேல் ஒருவனுக்கிருந்த பகையோடு அது முடிந்தது, கொலராடோவில் இரண்டு பையன்கள் தங்கள் பள்ளியிலேயே பலரைச் சுட்டுக் கொன்றதற்குப் பிறகுதான் முன்னவனைப் பார்த்துப் பின்னவன் செய்வது அதிகமானது என்றாள். இதுதான் காரணம் என்று ஒன்றைக் கைகாட்ட முடியாதாம், அவமானம், வீட்டில் அடி, சாகும் எண்ணம், பேர் வாங்கும் வெறி எல்லாம் கலந்து கிடக்குமாம், அதெல்லாம் இருந்தும் யாரையும் தொடாத பிள்ளைகள்தான் ஏராளமாம். செய்கிறவன் பெரும்பாலும் யாரிடமாவது முன்கூட்டியே சொல்லிவிடுகிறானாம், துப்பாக்கியும் பெரும்பாலும் வீட்டிலிருந்தோ சொந்தக்காரர் வீட்டிலிருந்தோதான் போகிறதாம். பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் நான் தட்டு நிரப்பும்போது மூலை மேசையில் தனியாக உட்காரும் முகங்கள் எனக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

பிறகு அவள் சிரித்துக்கொண்டே, "பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி அலமாரிச் சாவி எங்க இருக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள். அவ்வளவுதான், ஏலக்கடை ஆகிவிட்டது. ஹார்லன் சாவி பிஸ்கட் டப்பாவில், பாதிரியார் சாவி பியானோ மேல் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள், உன் அப்பா எல்லாரையும்விடச் சத்தமாக. ஹார்லன் விடுவாரா, உன் அப்பாவைக் கைகாட்டி, "டுவைட் சாவியா? அதை அவன் நாலு வயசுப் பேத்தியே எடுத்துட்டா!" என்றார். அறையே குலுங்கிச் சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும், அதை ஊர் முழுக்க வேடிக்கையாகச் சொல்லித் திரிந்ததே உன் அப்பாதானே. இப்போது அவர் ஒருத்தர்தான் சிரிக்கவில்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியும்னா உங்க பிள்ளைங்களுக்கும் தெரியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் காலையில் உன் அப்பா கடை திறக்கும் முன்னே போய் நின்று, எண் போட்டுத் திறக்கும் பெரிய இரும்புப் பெட்டி வாங்கி வந்தார். எண் என்ன என்றால், "நீ தூக்கத்துல உளறுவே, உனக்கும் சொல்ல மாட்டேன்" என்கிறார்! அவரைப் பார்த்து ஹார்லன், பாதிரியார் என்று வரிசையாகப் போய்க் கடையில் பெட்டியே தீர்ந்துவிட்டது. ரோக்சானிடம் நீங்களே சொல்லுங்கள் என்றேன், கொட்டகையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். அவர் அப்படித்தான், நீ பெரிதுபடுத்தாதே.

யாராவது சுட வந்தால் என்று டெல்லாவைப் பள்ளியில் அலமாரிக்குள் மூச்சுக் காட்டாமல் ஒளிந்துகொள்ளப் பழக்கினார்கள் என்று எழுதியிருந்தாய், அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், யார் தனியாக உட்கார்ந்தார்கள் என்று தினமும் அவளைக் கேள். விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று கூச்சப்படாமல் கேட்டுவிடு. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், கடவுள் கூடவே இருப்பார். நவம்பர் கடைசியில் நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி சொல்லியாகிவிட்டது, இனிச் சாக்குச் சொல்லாமல் வந்துவிடு. மறந்துவிட்டேனே, சாவியோடு ஆணியையும் பிடுங்கப் போனார், நான் விடவில்லை. டெல்லாவுக்குத் தைத்த குட்டிச் சமையல் ஏப்ரனை அதில் மாட்டியிருக்கிறேன், வந்து அவளே ஸ்டூல் போட்டு எடுத்துக்கொள்ளட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா வெர்னா