அந்தோணியாருக்குப் பெர்மினின் முகம்

செவில்யா,
தவக்காலம், இரண்டாம் திங்கட்கிழமை

என் அன்புக் கணவர் மெல்ச்சோருக்கு,

காசில்தா எழுதுவது. கோர்தோபாவில் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நீங்கள் வரைந்த படத்தை மடத்துக் கோவில் பீடத்தில் ஏற்றிவிட்டார்கள். வானம் திறந்து குழந்தை இயேசு இறங்கி வருகிறார், அந்தோணியார் கைகளை நீட்டியிருக்கிறார். எல்லாம் அழகுதான். ஆனால் முகம் என் தம்பி பெர்மினுடையது! பட்டினியாய் வந்தவனை முழங்காலில் நிறுத்தி, உத்தரத்தில் பன்றித்தொடையைத் தொங்கவிட்டு, அண்ணாந்து பார் என்றீர்கள். அந்தப் பசியைத்தான் ஊரே பக்தி என்று கும்பிடுகிறது.

காவலன் ஒருவனை இருட்டில் குத்திவிட்டு அவன் ஒளிந்திருப்பது உங்களுக்குத் தெரியும். குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான், ஆனாலும் பிடிபட்டால் அரசனின் கப்பலில் விலங்கோடு துடுப்புப் போட வேண்டியதுதான். ஞாயிறு பூசையில் மீன்காரி ரூபினா, “அடியே, இது நம்ம பெர்மின்டி! கோணமூக்கப் பாரு!” என்று கத்திவிட்டாள். காவல் தலைவனுக்கு இதுவரை பெயர்தான் தெரியும், முகம் தெரியாது. இப்போது தினமும் வந்து மனப்பாடம் செய்கிறான்.

உடனே வாருங்கள். தாடி வரைந்து முகத்தை மறையுங்கள் என்றால், அந்தோணியாருக்குத் தாடி கிடையாது என்பீர்கள். மூக்கையாவது நேராக்குங்கள்.

காசில்தா

*

குருத்து ஞாயிறு

அன்புள்ளவருக்கு,

பெர்மின் அகப்பட்டுவிட்டான்.

“மோட்சத்துல நான் எப்படி இருக்கேன்னு பாக்க வேணாமா?” என்று சிரித்துக்கொண்டே வியாழனன்று கோவிலுக்குப் போயிருக்கிறான், முட்டாள். காவல் தலைவன் பார்த்தவுடன் கண்டுகொண்டான். கோவிலுக்குள் யாரையும் பிடிக்கக் கூடாதே, அதனால் வாசலில் காத்து நின்றான். சாமியார்கள் உள்ளேயே இரு என்றார்கள், அவனும் இருந்தான். செய்தி கேட்டு ஓடிய அம்மா படியில் இடறி விழுந்தார். அவன் வெளியே தாவி வந்து தூக்கினான். அவ்வளவுதான். ஆறு வருடம் துடுப்புப் போட வேண்டும்.

கைதியின் முகத்துக்கு வானம் திறப்பதா என்று மடத்துத் தலைவர் கொதிக்கிறார். முகத்தை மாற்றச் சொல்லி உங்களிடம் ஆள் அனுப்புகிறார்.

அம்மா தினமும் நொண்டிக்கொண்டே படத்தடிக்குப் போகிறார். ஜெபம் செய்வதாகத் தெரியவில்லை. “குளிருதாடா? போத்திக்கிட்டியா?” என்று கேட்டுவிட்டு வருகிறார். நேற்று நானும் போய் அவனை வாய் வலிக்கத் திட்டினேன். பிறகு அழுதேன்.

வாருங்கள் என்று கெஞ்சியவளே இப்போது கேட்கிறேன், வராதீர்கள். காய்ச்சல் என்று சொல்லுங்கள், கை சுளுக்கிக்கொண்டது என்று சொல்லுங்கள். வேறு எவனும் அந்தப் படத்தைத் தொடக்கூடாது என்றும் சொல்லி அனுப்புங்கள். கடவுள் உங்களை அங்கேயே சுகமாக வைத்திருக்கட்டும்.

தினமும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
காசில்தா