வந்துகினு கீறேன்

இன்று காலை வானகரம் சிக்னலில் நின்றிருந்தபோது கைப்பேசியில் ஓர் அறிவிப்பு வந்தது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டதாம். நெடுநாளாகத் திறக்காத கோப்புகளை நீக்கிவிடலாமா என்று கேட்டது. பட்டியலில் முதலில் இருந்தது உன் பெயரிட்ட கோப்புறை. பச்சை விழுந்து, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும் நீ படித்திருக்க மாட்டாய். ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் பத்து வரி பேசிவிடுகிற ஆள் நீ.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நூம்பல் அடுக்குமாடியில் நான் குடியேறிய புதிதில், அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் என் அலுவலகத்துக்கு உன் ஆட்டோதான். தினமும் அதே ஐந்தாறு பேர். ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் மல்லிகா அக்காவுக்கு ஓர இடம், எனக்கு உன் பக்கத்தில் பாதி இடம். எங்கள் கட்டடத்தைக் காட்டி, "எங்கம்மா நாத்து நட்ட எடத்துல நீ லிப்ட்ல போய்க்கினு கீற மாமே" என்றாய் ஒருநாள். வருத்தமாகச் சொல்லவில்லை. லிப்ட் ஓடுகிறதா என்றுதான் அடுத்துக் கேட்டாய்.

எங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. உனக்குத் தட்டெழுத வராது என்பதால் காலையில் உன் குரல்தான் வரும். "வந்துகினு கீறேன், வேலப்பன்சாவடி தாண்டிட்டேன், ரெண்டு நிமிசம், எல்லாரும் கீழ எறங்கு." அந்த ரெண்டு நிமிடம் எப்போதும் பத்து நிமிடம்.

என் பிழைப்பு என்ன என்று நீ கேட்டபோது, புதிதாக வரும் செயலிகளை மக்கள் கைக்குப் போகும் முன் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என்றேன். "குத்தம் கண்டுபுடிக்கிறதுக்கு சம்பளமா!" என்று நீ சிரித்த சிரிப்பில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தது. அன்றிலிருந்து என் சோதனைக்கெல்லாம் நீதான் ஆள். பயன்படும் என்று தோன்றியதை எல்லாம் உன் கைப்பேசியில் ஏற்றுவேன். மழை வருமுன் சொல்வது ஒன்று, கண்ணாடி இல்லாமலே சின்ன எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவது ஒன்று. உன் ஓட்டுநர் உரிமத்தையும் வண்டிப் புத்தகத்தையும் கைப்பேசிக்குள் வைத்துக் கொடுத்தேன். போலீஸ்காரர் கேட்டபோது அதைக் காட்டிவிட்டு, நாள் முழுக்க அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். மற்றவை உனக்குப் பிடிக்கவில்லை. "தெனம் ஒரு ஆப்பு எட்த்துகினு வர. என்னிக்கின்னா ஒருநாள் எனக்கே வெக்கப் போற" என்பாய்.

உன் குரல் கம்மத் தொடங்கியபோது, புகையும் தூசியும்தான் காரணம் என்று நாம் எல்லாருமே சொல்லிக்கொண்டோம். மாதங்கள் போயின. மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையில் புற்று, அதை எடுத்தாக வேண்டும், எடுத்தால் பிழைக்க வழி உண்டு, பேச முடியாது என்றார். சீட்டுகளை உன் மனைவி கஸ்தூரிதான் வாங்கிக்கொண்டாள். வெளியே வந்ததும் நீ என் பக்கம் திரும்பி, கட்டிப்போன அந்தக் குரலில் கேட்டாய்:

"மாமே, இதுக்கு எதுனா ஆப்பு கீதா?"

இருக்கிறது என்றேன். அந்தப் பதிலைச் சொன்னபோது எனக்குள் ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அறுவைக்குப் பதினொரு நாள் இருந்தது. எழுதினால் பேசும் செயலிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் செய்தி வாசிக்கும் ஓர் அம்மாளோ, ரயில் நிலைய அறிவிப்பு செய்யும் ஐயாவோ உட்கார்ந்திருந்தார்கள். உன் வாக்கியத்தை நானே தட்டெழுதிக் கொடுத்தேன். "வந்துகினு கீறேன்" என்று அந்த அம்மாள் அழுத்தம் திருத்தமாகச் சொன்னதும், யாரையோ கத்தியால் கீறத்தான் வருகிறாள் என்று தோன்றியது. கஸ்தூரிகூடச் சிரித்துவிட்டாள். நீ சிரிக்கவில்லை. "இந்தம்மா என் ஊட்டாண்ட பேசறதா? வோணாம் மாமே" என்றாய்.

கடைசியில் வேறொன்று கிடைத்தது. திரையில் கட்டம் கட்டமாகப் பொத்தான்கள். ஒவ்வொன்றிலும் நம் குரலையே பதிந்துகொள்ளலாம், தொட்டால் பேசும். என் வீட்டுப் படுக்கையறையில் சன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிந்தோம். "டீ ஒண்ணு போடு நைனா." "எஸ்டேட் எஸ்டேட், ஏறு ஏறு." "வலிக்குது." "வலிக்கல." எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நமக்குள் சண்டையே வந்தது. "மன்னிச்சுக்கோ" என்று ஒன்று வேண்டாமா என்றேன். "அத்த கைய புட்ச்சு சொல்லிக்கலாம்" என்று தள்ளிவிட்டாய். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் என்னை வெளியே போகச் சொன்னாய். சமையலறையில் நின்றேன். ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிற குரல் கதவைத் தாண்டி வந்தது.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அந்தப் பொத்தானைத்தான் முதலில் தொட்டாய். அடுப்படியில் இருந்த கஸ்தூரி, "இன்னா?" என்று பதில் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்து ஓடி வந்தாள். உன் கழுத்துத் துளையை மறைத்த வெள்ளைத் துணி ஏறி இறங்கியது. உன் சிரிப்பு அப்போது தோளுக்கு இறங்கிவிட்டிருந்தது. சத்தமில்லாமல் இரண்டு தோளும் குலுங்கும், அவ்வளவுதான்.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதைவிட நல்ல செயலி ஒன்றைப் பார்த்தேன். பொத்தான்கள் பெரியவை, உன் தடித்த விரலுக்கு ஏற்றவை. உன்னை வரச் சொன்னேன். உன் கைப்பேசியில் இடம் குறைவு. பழையதை எடுத்தால்தான் புதியது உட்காரும். எடுத்தேன். புதியதைத் திறந்து, பதிவுகளை அதற்குள் கொண்டுவரும் வழியைத் தேடினேன். கொண்டுவர ஒன்றும் இருக்கவில்லை. பதிவுகள் எல்லாம் பழைய செயலிக்குள்ளேயே இருந்தன. அது போகும்போது அவற்றையும் கொண்டுபோய்விட்டது. நகல் எடுத்து வைக்காமல் எதையும் தொடாதே என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்கிறவன் நான்.

நீ எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வாய் திறக்கும் முன்பே கையை நீட்டி வாங்கிக்கொண்டாய். பொத்தான்கள் இருந்த இடத்தில் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தாய். எழுந்து போய்விட்டாய். லிப்டில்கூட ஏறவில்லை, படியில் இறங்கிப் போனாய்.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த கஸ்தூரி உள்ளே வரச் சொல்லவில்லை.

"அவரு கூப்டா நான் திரும்புவேண்ணா. அது ஒண்ணுதான் வெச்சிருந்தேன்" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

நான்கு நாள் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது. அந்தச் செய்தி வாசிக்கும் அம்மாளை நீயே உன் கைப்பேசியில் ஏற்றி, எழுத்தெழுத்தாகத் தட்டியிருக்கிறாய். எத்தனை நேரம் பிடித்ததோ. ஒரு எழுத்தும் பிசகாமல் அவள் சொன்னாள்:

"மாமே, எனக்கே ஆப்பு வெச்சிட்டியே."

அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு முறை கேட்டேன்.

உன் குரல் வேறெங்கே இருக்கும் என்று தேடத் தொடங்கியது அன்றுதான். உன் கைப்பேசியில் இடமில்லை என்று குழுவில் வந்ததை எல்லாம் வாராவாரம் அழித்துக்கொடுத்தவன் நானே. என் கைப்பேசியிலோ எதுவும் ஒரு நாளுக்கு மேல் தங்காது. எல்லாவற்றையும் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதில் எனக்கு அத்தனை பெருமை. குழுவில் மற்றவர்களைக் கேட்டேன். ஒருவர் புதுக் கைப்பேசி வாங்கிவிட்டார், ஒருவருடையது தண்ணீரில் விழுந்துவிட்டது. கடைசியாக, துணி கம்பெனி வாசலில் மல்லிகா அக்காவைப் பிடித்தேன்.

"அக்கா, அவன் பேசி அனுப்பினது எதாவது உங்ககிட்ட இருக்கா?"

"எல்லாம் அப்டியேதான்பா கீது. எப்டி அழிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது" என்று கொஞ்சம் வெட்கத்தோடு கைப்பேசியை நீட்டினாள். திரை ஓரத்தில் உடைந்திருந்தது. விரலால் மேலே தள்ளத் தள்ள உன் குரல் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றைத் தொட்டேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு காலை. கம்மாத குரல், நோய் எட்டிப் பார்க்காத குரல். பின்னால் அயனம்பாக்கம் பக்கத்து லாரி ஒன்றின் ஹாரன். "இன்னா மல்லிகாக்கா, இன்னிக்காவது டைமுக்கு கீழ எறங்குவியா?" மதியச் சங்கு ஊதி எல்லாரும் உள்ளே போன பிறகும் நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவுக்கு அரை நாள் லீவு போட்டார்கள்.

அவற்றை எல்லாம் மூன்று இடத்தில் நகல் எடுத்தேன், ஒன்று என் கைப்பேசியில் உன் பெயரிட்ட கோப்புறையில். அதன் பிறகுதான் வெட்டத் தொடங்கினேன். ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து "டீ", இன்னொன்றிலிருந்து "ஏறு ஏறு." உன் சொற்களோடு காற்றும், பஸ் கண்டக்டரின் விசிலும், யாரோ ஒருவரின் இருமலும் ஒட்டிக்கொண்டு வந்தன. எனக்கு வேண்டிய அந்த ஒன்று மட்டும் அகப்படவில்லை. பதிமூன்றாம் நாள் அகப்பட்டது. நீ செய்தியைப் பதியத் தொடங்கி, விரலை எடுக்க மறந்து, பாதியில் வீட்டுக்குள் திரும்பிக் கத்தியிருக்கிறாய்.

"கஸ்தூரி! சாவி எங்கடி வெச்ச?"

அதை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். நீ கட்டிலில் இருந்தாய், கஸ்தூரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். போட்டேன். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு உன்னைப் பார்த்தபடியே சொன்னாள்: "அன்னிக்கு பதிஞ்சது சீக்காளி கொரலு. பயந்துகினு கூப்ட்ட மாரி இருந்திச்சு. இதான் இவரு." அதன்பின் என் பக்கம் திரும்பி, "உக்காருண்ணா" என்றாள்.

நீ என் கையைப் பிடித்தாய். எதற்காகப் பிடித்தாய் என்று கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். நான் செய்தது அதனால் சரியாகிவிடவில்லை, அது எனக்குத் தெரியும். மல்லிகா அக்காவுக்கு அழிக்கத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் திடீரென்று நினைவுக்கு வரும்.

தூசியில் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால் ஆட்டோவை வாடகைக்கு விட்டாய். ஆனால் நிறுத்தத்தை விடவில்லை. இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, கையில் கைப்பேசி. வேலப்பன்சாவடி முனையில் நின்று பொத்தானைத் தொட்டால், "எஸ்டேட் எஸ்டேட், ஏறு ஏறு" என்று உன் பழைய குரல் லாரி ஹாரனோடு சேர்ந்து கூவும். தொண்டை கட்டாத ஆள் நீ ஒருவன்தான் என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். ஒரு வருடமும் சில மாதங்களும் அப்படிப் போயின. நோய் நுரையீரலுக்கு வந்தபோது எந்தச் செயலியையும் தேடச் சொல்லி நீ என்னைக் கேட்கவில்லை. கடைசி வாரத்தில் கைப்பேசியையே தலைமாட்டிலிருந்து நகர்த்திவிட்டாய். கஸ்தூரியின் உள்ளங்கையில் விரலால் எதையோ வரைவாய், அவள் தலையாட்டுவாள். என்ன என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

இப்போது சனிக்கிழமை காலைகளில் அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாதான் கூப்பிட்டார். அறுவைக்குக் காத்திருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குரலைப் பதிந்து கொடுக்கிறேன். முதலில் நகல், அப்புறம்தான் மற்றதெல்லாம். பழைய குரல் செய்தி யாரிடமாவது இருக்கிறதா என்று வீட்டாரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறேன்.

போன சனிக்கிழமை பாரிவாக்கத்திலிருந்து ஒரு பூக்காரம்மா வந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை அறுவை. பேரன் பேத்திகள் பெயர், "முழம் போட்டுத் தரட்டா" எல்லாம் பதிந்தாயிற்று. இன்னும் ஏதாவது வேண்டுமா என்றேன்.

"சிரிப்ப புட்சு வெக்க முடியுமா சாமி?"

முடியும் என்றேன். ஆனால் சிரி என்றால் யாருக்குச் சிரிப்பு வரும்? முயன்று பார்த்தாள், அழுகைபோல் வந்தது. அப்போதுதான் ஆவடிக் கல்யாணத்தை அவளுக்குச் சொன்னேன். உன் மச்சான் மகள் கல்யாணம். வாழ்த்தச் சொல்லி உன்னை மேடைக்கு இழுத்தார்கள். நீ பட்டுச் சட்டையில் மாப்பிள்ளை முன்னால் போய் நின்று, அட்சதையைத் தூக்கிக்கொண்டே "நல்லா இரு" பொத்தானைத் தொடுவதாக நினைத்து, ரோட்டில் குறுக்கே வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த பொத்தானைத் தொட்டுவிட்டாய். இடுப்பு ஒலிபெருக்கி மண்டபமே அதிரக் கேட்டது: "இன்னாடா, ஊட்ல சொல்ட்டு வந்துட்டியா?" மேளம் நின்றுபோனது. கும்பகோணத்துக்காரரான மாப்பிள்ளையின் அப்பா கைகூப்பி, பணிவாக, "எல்லாருக்கும் சொல்லிட்டுத்தாங்க வந்திருக்கோம்" என்றார்.

பூக்காரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கரகரத்து, இருமலில் சிக்கி, மீண்டும் எழுந்து, நர்ஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். நான் பதிவை நிறுத்தவில்லை. வீட்டுக்கு வந்து நகல் எடுக்கும்போது கேட்டேன். அந்தச் சிரிப்புக்கு அடியில், என் தென்காசி வாய்க்குச் சரியாகப் பிடிபடாத உன் சென்னைத் தமிழில், நான் நீயாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். அதை வெட்டி எடுத்துவிடலாமா என்று மறுநாள் போனில் அவளிடம் கேட்டேன். வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றாள்.